குமிழி வராத நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் குரலைத் தினமும் போனில் கேட்கிறேன், ஆனாலும் நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று எழுதிக் கேட்டால்தான் எனக்கு மனசு நிறையும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை.

இந்தச் சோதனையும் தோற்றால் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, போன வாரம் வரை பெட்டி கட்டத்தான் வேண்டும் என்று நினைத்தேன். என் சிப் உனக்குத் தெரியும், விரல் நகம் அளவுக் கண்ணாடி, உள்ளே தலைமுடி போல மெல்லிய வாய்க்கால். அதில் ரத்த அணுக்களை ஓடவிட்டு, ஓரத்துத் தங்கக் கம்பிகளில் மின்சாரம் கொடுத்தால் புற்றுநோய் அணு மட்டும் கம்பிப் பக்கம் இழுபட்டு நிற்க வேண்டும், நல்ல அணு தன் வழியே போக வேண்டும். எங்கள் ஆய்வு அறையில் ஒழுங்காக வேலை செய்யும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மானத்தை வாங்கும். மின்சாரம் கொடுத்ததும் வாய்க்கால் முழுக்கக் குமிழி. பெரிய டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "என்னம்மா, சோடா தயாரிக்கிறீங்களா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த முறையும் தேறாவிட்டால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எரிந்து விழுந்தேன், பாவம். மறுநாள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறைக்குப் போய் வாயைத் திறக்காமல் மூலையில் நின்று பார்த்தேன். அங்கே வேலை செய்பவரைக் கறார் அக்கா என்பார்கள். நான் சொன்னபடியே அணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் கழுவினார், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் குழாயை எங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் உப்புத் தண்ணீரில் இன்னொரு அலசு அலசினார். உப்பு இருந்தால் மின்சாரம் தாறுமாறாகப் பாயும், தண்ணீர் சூடாகும், பிறகு குமிழி வராமல் என்ன செய்யும். ஏன் அக்கா என்று கேட்டேன். "உப்புத் தண்ணில அலசாம ஒரு குழாயக்கூட நான் கை மாத்தினதில்ல, பிசுபிசுன்னு எப்படிம்மா குடுக்கறது" என்றார். சண்டை போடப் போனவள் சிரித்துவிட்டேன், அப்பா கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி கழுவுகிறவள்தானே நானும்.

நேற்று அந்த அலசல் இல்லாமல் ஓட்டினோம். மொத்தம் ஆறு குழாய், அதில் எதெதில் புற்றுநோய் அணு கலந்திருக்கிறது என்பது பெரிய டாக்டருக்கு மட்டும் தெரியும். ஸ்விட்சைப் போட்டேன். ஒரு குமிழி இல்லை. சிவப்பணுக்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, பருத்த புற்றுநோய் அணுக்கள் மட்டும் நகர்ந்து நகர்ந்து கம்பி ஓரமாக வந்து நின்றன. ஆறு குழாயும் சரி மகளே, ஒன்றுகூடத் தப்பவில்லை. கறார் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன், வெட்கப்படவே இல்லை. டாக்டர் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்புறம், "இனி நோயாளிங்க ரத்தத்துலயே பார்த்துடலாம், நீங்களே முன்ன நின்னு நடத்துங்க" என்றார். அது முடிய மூன்று வருஷம் ஆகும், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

அதனால் உன்னோடு வந்து இருப்பது இப்போதைக்கு இல்லை, கோபித்துக்கொள்ளாதே. தோற்றால் வருகிறேன் என்றுதானே சொன்னேன், ஜெயித்துத் தொலைத்துவிட்டேன், என்ன செய்ய. நீங்கள் இருவரும் லீவு போட்டு வாருங்கள், சிப்பைக் காட்டுகிறேன். காலையில் வெறும் வயிற்றோடு ஆபீசுக்கு ஓடாதே, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாளைக்கும் வேலைக்குப் போகிற
உன் அம்மா