இருபத்தெட்டு மில்லிமீட்டர் உருண்டை

ஜூலை 5, ஞாயிறு

கால்பந்து இறுதிப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம். பெரிய டிவி நம் வீட்டில் இருப்பதால் கூட்டமும் நம் வீட்டில்தான். மகளும் மாப்பிள்ளையும் வந்துவிடுவார்கள். சம்பந்தியைக் கூப்பிட்டால் வருவாரா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "அப்பா மேட்ச் பாக்க வருவார் மாமா. ஆனா எதுவும் சாப்பிட மாட்டார். அம்மாவைத் தவிர யார் முன்னாடியும் அவர் சாப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சு."

கை நடுக்கமாம். வலது கை. ஏதோ ஒரு விருந்தில் பக்கத்தில் இருந்தவர் மேல் குழம்பைச் சிந்திவிட்டார், அதோடு சரி. யார் அழைத்தாலும் வயிறு சரியில்லை என்று போன் வரும். நமக்கும் நான்கு முறை வந்தது. நான் என்னடாவென்றால், பெண் வீட்டில் கை நனைக்கக் கௌரவம் பார்க்கிறார், தலைக்கனம் பிடித்த மனிதர் என்று மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இளவயதில் கம்பெனி அணிக்குக் கோல்கீப்பராக நின்றவராம் அவர்.

ஜூலை 8, புதன்

பட்டறையில் லேத் முன்னால் நிற்கும்போது பளிச்சென்று தோன்றியது. இது அளவுச் சிக்கல். சரியான அளவில், சரியான கெட்டியில் செய்தால் எந்தக் கையிலிருந்தும் எதுவும் விழாது. முப்பது வருஷமாக இரும்பில் இதைத்தானே செய்கிறேன்?

போட்டியன்று பலகாரம் என் பொறுப்பு என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது.

ஜூலை 11, சனி

சோதனை நாள். ஸ்பூன் கூடாது, சாஸ் சொட்டக் கூடாது, தூள் உதிரக் கூடாது. வலது கையை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் சாப்பிட்டுப் பார்த்தேன்.

பாப்கார்ன் — பாதி சட்டைக்குள் போனது. வெங்காய வளையம் — மேல்மாவு கழன்று வெங்காயம் மட்டும் மோவாயில் தொங்கியது. பல்குச்சியில் குத்திய சீஸ் — குச்சி கண்ணோரம் வரை போய்விட்டது. வேண்டவே வேண்டாம்.

உருளைக்கிழங்கை மசித்து, நடுவில் சீஸ் வைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த உருண்டை தேறியது. சின்னதாக இருந்தால் விரலிடுக்கில் நழுவுகிறது. பெரிதாக இருந்தால் இரண்டாவது கடிக்குள் சீஸ் ஒழுகுகிறது. ஒரே வாய்க்கு இருபத்தெட்டு மில்லிமீட்டர். பட்டறையிலிருந்து வெர்னியர் கொண்டுவந்து அளந்தேன்.

"அந்தப் பிசுக்கு பிடிச்ச சாமானை என் அடுப்படிக்குள்ள கொண்டுவராதீங்க," என்றாள் மனைவி.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலை 15, புதன்

சம்பந்திக்குப் போன் செய்தேன். "வயிறு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"சாப்பாட்டை விடுங்க சம்பந்தி. மேட்ச்ல ஆஃப்சைடுன்னா என்னன்னு எனக்கு இன்னும் விளங்கலை. நீங்க பக்கத்துல இருந்தா நல்லாயிருக்கும்."

பொய் இல்லை, நிஜமாகவே விளங்கவில்லை. வருகிறேன் என்றார்.

ஜூலை 18, சனி

மகள் வந்ததும் வராததுமாக, "சாஸ்ல புரட்டின கோழி இல்லாம ஒரு மேட்சாப்பா? கையெல்லாம் வழிய வழிய சாப்பிட்டாத்தான் ருசி," என்றாள்.

கிடையாது என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஃபிரிட்ஜைப் பார்த்தாள். எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது.

ஜூலை 20, திங்கள்

நேற்று எழுத உட்காரவே மனம் வரவில்லை.

ஆறு மணிக்கு ஆட்டம். சம்பந்தி வலது கையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். அறுபது உருண்டைகளை அடுக்கிய தட்டை அவர் முன்னால் வைத்தேன். எவ்வளவு பெருமை எனக்கு! அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா தரையைப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே அளவு. குச்சி இல்லை, ஸ்பூன் இல்லை, சாஸ் இல்லை. எனக்காகத்தானே?" என்றார் சம்பந்தி.

சட்டென்று பொய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

"நல்ல மனசு சம்பந்தி. ஆனா என் ஒருத்தனுக்காக எல்லாருக்கும் பத்தியம் போடாதீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் சுட்டது. அட மடையா — ஒரு மனுஷனோட குறையைத் தட்டுல அடுக்கி அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்கியே! வெர்னியர் வேற!

எழுந்து அடுப்படிக்குப் போனேன். ஒளித்து வைத்த கோழியைச் சூடு பண்ணு என்று மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதை ஏற்கெனவே அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

கிண்ணம் வந்தது. மகளும் மாப்பிள்ளையும் முழங்கை வரை சாஸ் வழியச் சாப்பிட்டார்கள். சம்பந்தி தொடவில்லை. ஆஃப்சைடு மட்டும் இரண்டு முறை விளக்கினார். நானும் புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

ஆட்டம் முடிய இருபது நிமிஷம் இருக்கும். மஞ்சள் அணியின் கோல்கீப்பர் கைக்கு நேராக ஒரு சாதாரணப் பந்து வந்தது. பிடித்தான், நழுவியது, உருண்டு உள்ளே போய்விட்டது. இந்த வீடே மஞ்சள் அணிப் பக்கம்.

சம்பந்தி சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு தோள் குலுங்கக் குலுங்க.

"பாவம்டா அவன். அவன் கை நழுவினதை உலகமே பாக்குது," என்றார். "என் கை நழுவினா சம்பந்தி வீட்டு சோபா மட்டும்தான்."

வலது கையை நீட்டினார். நடுங்கியது, நன்றாகவே நடுங்கியது. கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தார். சாஸ் சோபாவில் சொட்டியது, அவர் முழங்காலில் சொட்டியது, என் சட்டையிலும் ஒரு பொட்டு. யாரும் துடைக்கப் போகவில்லை. சம்பந்தியம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காரம் பத்தலை," என்று சொல்லிவிட்டு இன்னும் நான்கு துண்டு சாப்பிட்டார்.

மஞ்சள் அணி தோற்றது. என் உருண்டைகளில் நாற்பத்திரண்டு மீந்தன. இன்று பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

ஜூலை 22, புதன்

எலுமிச்சை, சோப்புத்தூள், வெந்நீர் — சோபாக் கறை எதற்கும் மசியவில்லை. விட்டுவிடு என்றேன் மனைவியிடம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பதினோரு மணிக்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தால் சம்பந்தி, தனியாக. இன்றைக்கு எந்த மேட்சும் இல்லை.

செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "சாப்பிட என்ன இருக்கு சம்பந்தி?"