போன் வந்தால் வரும் நெஞ்சடைப்பு

மூக்கண்டப்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுஜாதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரர் துணையிருப்பார். அப்பாவும் சுகம் என்று கைதவறி எழுதிவிடவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றதும் லீவு போட்டு அடித்துப் பிடித்து வருகிறேன் என்றாயே, வேண்டாம். பெங்களூர் போய் எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, இதயத்தில் ஒரு குறையும் இல்லை. வலி எப்போது வருகிறது என்று டாக்டரம்மா கேட்டதற்கு இவர் சுவரைப் பார்த்தார், நான்தான் மகள் போன் வரும்போது என்றேன். அந்தம்மா சிரிக்கவில்லை. இது நடிப்பில்லை, வலி நிஜம்தான், மனசு ஆள் தேடினால் சில பேருக்கு உடம்பு வலித்துக் கூப்பிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீ எடுத்ததும் உடம்பு எப்படிப்பா என்று கேட்பாய். நல்லாயிருக்கேன் என்றால் சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க, அவ்வளவுதான். நெஞ்சு அடைக்கிறது என்றால் அரைமணி நேரம் பேசுவாய், மாப்பிள்ளையும் வந்து பேசுவார். கம்பெனியில் எந்த மிஷின் நின்றாலும் இவரைத்தான் தேடுவார்கள், ரிடையரான பிறகு தேட ஆளில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, மாத்திரை போட்டீங்களா என்பதைத் தவிர நான் மட்டும் என்ன கேட்கிறேன்?

போன வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். எதிர்வீட்டு வெங்கடம்மா வந்து, "அண்ணா, தண்ணி மோட்டார் நின்னு நின்னு ஓடுது, கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போன மனுஷர் பொழுது சாய்ந்துதான் வந்தார், கையெல்லாம் கிரீஸ். ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நெஞ்சைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்காக அசட்டையாக இருக்க மாட்டேன், டாக்டரம்மா சொன்னபடி மறுபடி கூட்டிப் போவேன். நீ இனிமேல் உடம்பை விசாரிக்காதே, உங்கள் வீட்டு ஹீட்டர் சத்தம் போடுகிறது என்றாயே, அதை அப்பாவிடம் கேள். இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே.

அவருக்கு டைபாய்டு என்றதும் ஓடி வந்தாய், என் ஆபரேஷனுக்கு வந்தாய். நாங்கள் நன்றாயிருக்கும்போது நீ வந்ததே இல்லை. பொங்கலுக்கு வா கண்ணு. நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ வேண்டும். இங்கே நாங்கள் நன்றாயிருக்கிறோம், அதனால் வா.

உன் அம்மா,
வெள்ளையம்மா