மூன்று வருட மண்

மே 6, செவ்வாய்

காலையிலேயே கொளுத்துகிறது. கம்பெனி பஸ்ஸில் சீட் சுட்டு உட்கார முடியவில்லை. வாங்க வேண்டியது: அம்மாவின் பிரஷர் மாத்திரை, துணி சோப்பு, முழு கோதுமை அரைக் கிலோ.

கோதுமை சோஃபியா சொன்னது. தம்பி மோசஸின் மனைவி, கிரேக்கக்காரி. கப்பலில் சமைக்கப் போனவன் அந்த ஊரிலேயே இறங்கி, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளைக் கட்டிக்கொண்டான். அங்கேயே பைக் மோதிச் செத்தும் போனான். கல்லறைக்கு மூன்று வருடம் முடிகிறதாம். இடம் பற்றாத ஊர், மூன்று வருடத்துக்குத்தான் மண். பிறகு தோண்டி, எலும்பை ஒயினில் கழுவி, பெட்டியில் வைப்பார்களாம். வெள்ளிக்கிழமை தோண்டுகிறார்கள். அன்று கோதுமை வேகவைத்து நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும், நீயும் செய் அக்கா என்கிறாள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பா அடக்கத்துக்கே வராதவன். அவன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது. சாவுச் செய்தி வந்த அன்றும் "எனக்கு அவன் அப்பவே போய்ட்டான்" என்றாள். அழவில்லை.

மே 7, புதன்

சொல்லிவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"யார் கழுவுவாங்க?"

"சோஃபியாதாம்மா. அவங்கம்மாவும் கூட இருப்பாங்களாம்."

"ஒயின்ல இன்னாத்துக்கு? அந்த ஊர்ல தண்ணிக்குப் பஞ்சமா?"

அவ்வளவுதான். குழம்பில் உப்பு இரண்டு தரம் போட்டிருக்கிறாள். மோரை ஊற்றித் தின்று முடித்தேன்.

கம்பெனியில் நான் தைத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தையல் கோணலாம். சூப்பர்வைசர், "இன்னா மேரி, தூங்கறியா?" அறையலாம் போல வந்தது.

மே 9, வெள்ளி

லீவு. ஊறிய கோதுமையை வேகவைத்து, துணியில் பரப்பி ஈரம் போக்கி, பட்டைத்தூள், திராட்சை, பாதாம், மாதுளை. மேலே பொடித்த சர்க்கரை, பாதாமில் ஒரு சிலுவை. ஏதோ ஒரு கீரையும் நறுக்கிப் போடுவார்களாம். இனிப்பில் கீரையா, கண்றாவி. விட்டுவிட்டேன்.

மாதுளையை அம்மா உரித்தாள், கேட்காமலே. சோஃபியா சொன்ன பழங்கதை ஒன்றைச் சும்மா சொன்னேன். பாதாளத்து ராஜா ஒரு பெண்ணைத் தூக்கிப் போனான். அம்மாக்காரி அழுத அழுகையில் உலகத்தில் பயிரே முளைக்கவில்லை. கடைசியில் அவன் சரி, கூட்டிப் போ என்றால், பெண் அங்கே மாதுளை தின்றுவிட்டாள்; பாதாளத்தில் எதையாவது தின்றால் முழுசாகத் திரும்ப முடியாதாம். அதனால் வருடத்தில் பாதிதான் தாயோடு.

"பாதியாவது கெடச்சுதே அந்தம்மாவுக்கு" என்றாள்.

மத்தியானம் சோஃபியா போன். ஒரே அழுகை, பாதி மோசஸ் கற்றுக்கொடுத்த தமிழில், பாதி அவள் பாஷையில். மெதுவாகத்தான் விளங்கியது. உடம்பு கரையவில்லை. திரும்பவும் மூடிவிட்டார்கள். மண் சரியில்லை என்கிறார்கள் தோண்டுகிறவர்கள். அவளுடைய அம்மா வேறு மாதிரி சொல்கிறாளாம். உயிரோடு இருக்கிற யாராவது மன்னிக்காமல் இருந்தால் மண் ஏற்காது.

"உங்க அம்மாவ ஒரு வார்த்த சொல்லச் சொல்லு அக்கா."

முதலில் கோபம். யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் கணக்குச் சொல்வது? பிறகு பயம்.

பக்கத்து வீட்டு நசீமா அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். "நல்லா கீது மேரி, இன்னா விசேஷம்?" சும்மாதான் என்றேன். அம்மா ஒரு வாய் கூடத் தொடவில்லை.

மே 10, சனி

அனல். கரண்ட் போய்ப் போய் வருகிறது. கம்பெனி அரை நாள்.

சோறு போட்டுக்கொண்டே அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். மன்னிப்பு விஷயமும்.

"ஒரு வார்த்தம்மா. அந்தப் பொண்ணுக்காகவாவது சொல்லேன்."

பிசைந்த கை நின்றது.

"கரையலையா?"

"இல்லம்மா."

"அப்டின்னா மூஞ்சி இருக்குமா?"

கப்பலுக்குப் போன அன்று பார்த்த முகம். அதன் பிறகு போட்டோவைக் கூடப் பார்க்க மாட்டேன் என்றிருந்தவள்.

"பாஸ்போர்ட் எடுக்க இன்னாடி பண்ணணும்?" என்றாள். "நான் போய்ப் பாக்கற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்னு சொல்லு அவகிட்ட."