பொரி பெரியம்மாவை உடுத்தியது

அன்பு மகள் எட்டெல்காவுக்கு, இயேசுவுக்கே புகழ். டிசா ஆற்றுப் பனிக்கட்டி படகுத்துறையைப் பெயர்த்துப் போய், அதே வருஷம் ஊருக்குக் கரண்டும் வந்ததே, அப்போது உன் அம்மா வீட்டார் எடுத்துக்கொண்ட குடும்பப் படத்தால்தான் இந்தக் கடிதம். நான் சுகம், கோழிகள் சுகம், கனடாவில் நீங்களும் சுகமாயிருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்லத் தபால்காரி பிரோஷ்கா எழுதுகிறாள். நடுநடுவே எழுந்துபோய் அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குத் தனித்தனிச் சொல் விளங்குகிறது, சேர்த்துச் சொன்னால் யார் யாரை என்ன செய்தார்கள் என்பது புரண்டுவிடுகிறது. பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் 'நாய் பூனையைத் துரத்துது' என்றால் அம்மா சரியான படத்தைத் தொடுகிறாள், 'பூனையை நாய் துரத்துது' என்றால் பூனை துரத்தும் படத்தைத் தொடுகிறாள். நாம்தான் எந்தச் சொல்லையும் முன்னால் போட்டுப் பேசுகிறவர்கள் ஆயிற்றே. திட்டு மட்டும் குறையவில்லை, 'போடி மொட்டைக் கழுத்துக் கோழி' என்று அவளையே விரட்டினாள்.

போன வாரம் உன் பொரி பெரியம்மா வீட்டிலேயே இறந்துபோனாள். அவள் மகன் கெர்கெய் வாசலில் நின்று, 'சித்தப்பா, அம்மாவைச் சித்திதான் உடுத்தணும், அதான் அவ ஆசை' என்றான். அதுவும் புரண்டு, பொரி வந்து தன்னை உடுத்தப்போகிறாள் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். பெட்டியிலிருந்த தன் அடக்கத் துணி மூட்டையைப் பிரித்து, அக்காளுக்கு வேலை வைக்காமல் தானே உடுத்தி, கையில் ஜெபமாலையோடு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ரொட்டி கொடுத்தால், 'செத்தவ... ரொட்டி... எதுக்கு' என்கிறாள். விளக்க விளக்கச் சிக்கல்தான். கெர்கெய் வேறு, 'நேரமாகுது, வேற யாரையாவது கூப்பிடட்டுமா' என்று வந்துவந்து நிற்கிறான்.

கடைசியில் பேச்சை விட்டேன். அந்தக் குடும்பப் படத்தை மடியில் வைத்து, இறந்தவர் ஒவ்வொருவர் முகத்தின் மேலும் ஓர் அவரை விதை வைத்தேன். உன் பாட்டி, தாத்தா, இலோனா பெரியம்மா, கடைசியில் பொரி. அம்மா எழுந்து உட்கார்ந்து அழுதாள். என் கையில் ஒரு விதை மிச்சம், அதோடு என் விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு அதே துணியோடு போய் பொரியைக் குளிப்பாட்டி உடுத்தினாள், ஒரு பொத்தான் தப்பவில்லை.

இப்போது சாப்பிடுகிறாள். ஆனால் மூட்டையை நான் பரணில் போடப் போட எடுத்துவந்து தலைமாட்டில் வைக்கிறாள், அதனால்தான் இந்த எட்டிப் பார்ப்பு. அம்மாவிடம் போனில் பேசும்போது, யார் செய்கிறார்களோ அவர் பெயரை முதலில் சொல், சின்னதாகச் சொல், 'எட்டெல்கா வர்றேன்' என்று. சொன்னால் வந்துவிடு. பிள்ளைகள் தலையில் என் கை இருக்கட்டும், மாதா உங்களைக் காக்கட்டும்.

இது அப்பா வென்டெல் போட்ட சிலுவைக் குறி. அந்தப் படத்தில் மிச்சமிருப்பவள் உன் அம்மா ரோசாலியா.