உன் பேரில் எரியும் விளக்குக்கு வாடகை

அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன் அக்கா நலம். முட்டிவலி மட்டும் அவளை விடுவதாயில்லை. மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியிருக்கிறது. நல்ல சேதி இத்தோடு முடிந்தது.

போன மாதம் ஒருநாள், பொழுது சாயும் நேரத்தில், வழக்கம்போல மைதானத்துக்குப் போனேன். நீ கபடி கற்றுக்கொடுத்த நம்மூர்ப் பெண்பிள்ளைகள் விளக்குக் கம்பத்தடியில் கும்பலாக நின்றிருந்தார்கள். விளக்கு எரியவில்லை. சுவிட்சுப் பெட்டியில் புதுப் பூட்டு. அதற்கு மேலே ஒரு பலகை. இருட்டிய பிறகு விளையாடும் குழுக்கள் மணிக்கு இவ்வளவு என்று விளக்குக் கட்டணம் செலுத்த வேண்டுமாம். அதை எங்கே அடித்திருந்தார்கள் தெரியுமா? உன் பெயர் எழுதிய தகட்டுக்கு நேர் கீழே.

பள்ளிக்கூடம் போகாமல் தானாகக் கற்ற எழுத்து அல்லவா, தப்பாகப் படிக்கிறேனோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

அந்த விளக்கை நீ பார்த்ததில்லை. நீ இருந்தவரை, நீ ஓட்டிய முதலாளியின் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் வெளிச்சத்தில்தான் பிள்ளைகளை ஆடவைத்தாய். பகலில் அவர்களுக்கு ஏது நேரம்? பள்ளிக்கூடம், லீவு விட்டால் நடவு, களையெடுப்பு. உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தி போட வைத்திருந்த பணத்தைத் தொடாதீர்கள் என்று உன் அக்காதான் தடுத்தாள். “சோறு ஒரு வேளைல தீந்துரும். அந்தப் புள்ளைங்களுக்கு லைட்டு போட்டுக் குடுங்க” என்றாள்.

பங்காளிகள் ஏசினார்கள். செத்தவனுக்கு இலை போடாத வீடு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். படையலை மட்டும் வைத்துவிட்டுக் கம்பம் நட்டோம். கரண்டு பஞ்சாயத்துடையது என்பதால் பெட்டிச் சாவியைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, ஊர் முன்னால் தலைவரிடம் கொடுத்தோம். எதையும் முறையோடு கொடுக்க வேண்டும் என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

பலகையைப் பார்த்த மறுநாள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் தம்பி நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் பேசினான். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட வரும் வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் முகம் கோணாமல் கட்டுகிறார்களாம். பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் போட முடியாதாம்.

“தாம்பூலம் வெச்சி நீங்கதான பெரியவரே குடுத்தீங்க? அது இப்ப பஞ்சாயத்துப் பொருளு. கரண்டு பில்லு யாரு கட்றது?” என்றான்.

“தாம்பூலம் மாத்தித்தான் பொண்ணக்கூட குடுக்கிறோம். அப்பங்காரன் பொண்ணப் பாக்கப் போனா வாசல்ல டிக்கெட்டு கிழிப்பியா?”

ஆபீசே சிரித்தது. அவனும் சிரித்தான். பூட்டு மட்டும் திறக்கவில்லை.

காரியச் சோற்றுக்குக் காசு கேட்கும் ஊரை நீ எங்காவது கேள்விப்பட்டதுண்டா மச்சான்? அதுவும் நம்மூராக இருக்கும் என்று நினைத்தாயா?

யாரும் கட்டக்கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். ஒருதரம் கட்டினால் காலத்துக்கும் கட்ட வேண்டியதுதான். மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் வந்து, இருட்டில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம் தூரத்திலேயே வெளிச்சம் தெரிந்தது. நியாயம் கிடைத்துவிட்டது என்று வேகமாக நடந்தேன். கிடைக்கவில்லை. நடவுக் கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குழுவின் தலைவி செல்வியைக் கூப்பிட்டுத் திட்டினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“நீங்க ரோஷத்த வெச்சிக்கினு இருங்க தாத்தா. நாங்க இன்னா பண்றது? மேட்சு எங்களுக்காக நிக்குமா?” என்றாள். பிறகு குரலை இறக்கி, “அங்க ஏன் நின்னுக்கினு கீறீங்க? உள்ள வந்து குந்துங்க” என்றாள்.

நான் போகவில்லை. பிள்ளைகளின் கூலிக்காசில் எரியும் வெளிச்சத்தில் எப்படிப் போய் உட்காருவேன்? ரோட்டோரத்திலேயே நின்றேன். அவள் ‘கபடி கபடி’ என்று எதிர்ப்பக்கம் பாடிப் போனாள். இரண்டு பேரைத் தொட்டு, மூன்றாவது பிள்ளை காலைப் பிடிக்கவும், மண்ணில் புரண்டு கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டாள். கத்தவேண்டும் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நீ இருந்தால் அவள் பக்கம்தான் பேசியிருப்பாய். தெரியும். இருந்தாலும் நான் சொன்னதில் என்ன தப்பு?

வருகிற கிராம சபையில் எழுந்து கேட்கப்போகிறேன். பிள்ளைகள் கட்டியதைத் திருப்பித் தரும்வரை உட்கார மாட்டேன். போட்டி நடக்கும் அன்று முதல் பஸ்ஸில் நானும் போவேன். அங்கே வாயைத் திறந்து கத்துவேன், உனக்கும் சேர்த்து. இது சத்தியம்.

உன் அக்காவைக் கட்டிய மாமன்,
கோதண்டன்