உரக்கச் சொன்ன அளவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

சனிக்கிழமைகளில் துறைமுகத்தில் மீன்வள ஆய்வு செய்யும் அக்காவுக்கு உதவப் போகிறேன் அல்லவா? மீனைப் பலகையில் வைத்து நான் நீளம் சொல்ல, அக்கா எழுதுவார். இந்த வாரம் ஒரு படகில் எல்லாமே பிடிக்கக் கூடாத குஞ்சு மீன்கள். வழக்கம்போல உரக்கச் சொல்லிவிட்டேன். பார்த்தும் பாராமல் நின்ற மீன்வளத்துறை அதிகாரி, ஊரே கேட்டுவிட்டதால் வேறு வழியின்றி அந்தப் படகின் தடைசெய்யப்பட்ட சின்னக்கண் வலையைப் பறிமுதல் செய்தார். பெரிதாக ஒன்றுமில்லை.

இன்று மாலை அந்தப் படகு முதலாளி பள்ளி வாசலில் நின்றார். சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

“நல்ல கணீர்க் குரல் பாப்பா உனக்கு. உங்கப்பா என் தம்பி படகுலதானே போறாரு?”

“ஆமா மாமா.”

“நடுக்கடல்ல எவ்ளோ கத்தினாலும் யாருக்கும் கேக்காதும்மா.”

விடுதி வார்டன் அவருக்குச் சொந்தம். அதனால்தான் போன் செய்யாமல், எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் எழுதுகிறேன். டார்ச்சுக்கு பேட்டரியும் பெட்டிக்கு ஒரு பூட்டும் அனுப்புங்கள். காய்ச்சல் என்று சொல்லிக் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருங்கள், அப்பா.

அம்மா, அப்பா கடலுக்குப் போய்விட்டதால் இதைப் பிரித்தது நீயாக இருந்தால், துறைமுகத்தில் சொல்லி அவரை உடனே வயர்லெஸ்ஸில் திரும்பக் கூப்பிடச் சொல்.

உங்கள் மகள்