ஞானத்தின் கூந்தலும் என் நேர்த்தியும்

செவ்வாய், செப்டம்பர் 4, 1934. பிரிக்பீல்ட்ஸ்.

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட வேட்டி காயவில்லை. பயணம் நாளை மறுநாள். வரப்போவதை எண்ணிட்டு வைத்தால் மனம் ஓரளவு அடங்கும். ஆகவே:

1. கிள்ளான் வரை ரயில். அதற்கப்பால் மதலேனம்மாள் பொறுப்பு. யாத்திரைக்காரர்களைத் தனியாக அழைத்துப் போய்க் காட்டி வருவதே அந்த அம்மாளின் பிழைப்பு. சொல்வதில் பாதியை நம்பலாம்.

2. நேர்த்தி இன்னதென்று ஞானத்திடம் புருஷனாகிய நானே சொல்ல வேண்டும். கோயிலை அடையுமுன்.

3. ஞானத்துக்கு உலகில் மிகப் பிரியமானது அவளுடைய கூந்தல். நான் மாதாவுக்கு நேர்ந்தது அதைத்தான்.

4. அவள் மறுத்தால் சாமியாரிடம் கேட்பது.

இரண்டாவதுதான் பயம். தவக்காலத்தில் அவளுக்கு விஷ ஜுரம் கண்டு மூன்றாம் வாரம், வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கையை விரித்த அன்று பிற்பகல், கட்டிலருகே முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டது. இவள் பிழைத்தால் இவள் கூந்தல் முழுவதையும் உமது கோயிலில் இறக்குகிறேன், தாயே என்று. என்னுடையதாக வேறெதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. பிழைத்தாள். இன்று வரை அவளிடம் வாய் திறக்கவில்லை. கடலோர மாதா கோயிலுக்கு நன்றி சொல்லப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல.

நம் கோயில் சபையார் வெள்ளிக்கிழமை கூட்டமாகப் போகிறார்கள். அவர்களோடு சேரவில்லை. ஞானம் மொட்டை போடுவதைப் பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் நின்று பார்க்க வேண்டாம். தனி வழிகாட்டி அதற்காகத்தான்.

கைவிளக்கு, குடை, மிளகுக் கஷாயம், இவளுடைய கம்பளி. ஜெபமாலை இரண்டு. வீட்டை மகன் பார்த்துக்கொள்வான்.

புதன், 5.

வெயில். வேட்டி காய்ந்தது.

மதலேனம்மாள் ஏற்பாடு பேச வந்திருந்தாள். ஞானம் அடுக்களையில் அம்மி அரைத்துக்கொண்டிருந்த சமயம், நேர்த்தியைச் சொல்லி, நாவிதன் ஒருவனுக்கு ஏற்பாடு செய்யும்படி மெதுவாகச் சொன்னேன். "அக்காவுக்கா? செஞ்சிடலாம் கிராணி ஐயா" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் நான் கிராணி ஐயாதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிட நினைத்தேன். ஞானம் முற்றத்துப் பக்கம் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலுக்குப் பின் கொத்துக் கொத்தாகக் கொட்டியும் இன்னும் இடுப்புக்குக் கீழே. சீப்பில் வந்ததைச் சுருட்டி விரலால் தள்ளினாள். "என்ன பாக்குறீங்க?" என்றாள். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது என்றேன். இன்னும் சாப்பிடவே இல்லை என்றாள்.

சொல்லவில்லை.

வியாழன், 6. கடலோரத் தோட்டம்.

காலை ரயில். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டும்வரை ஞானம் ஜன்னலோரம். காய்ச்சலுக்குப் பின் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தது இதுவே முதல் தடவை. முகத்தில் வெயில் பட்டதைப் பார்த்தேன். பெட்டியில் வேறு யாருமில்லை. நல்ல வாய்ப்பு. பயன்படுத்தவில்லை.

கிள்ளானில் மதலேனம்மாள் கையில் குடை, இடுப்பில் வெற்றிலைப் பை. காப்பார் பக்கம் போகும் மோட்டார் பஸ். இறங்கியதும் வண்டி தயாராக நிற்கும் என்றாள், நிற்கவில்லை. அவளுடைய தங்கை வீட்டில் உட்கார்த்தி வைத்தாள். காப்பி, அவித்த மரவள்ளிக்கிழங்கு. மாட்டுவண்டி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

வழியில் கோயிலின் கதை. மாதாவின் சுரூபம் கடலில் மிதந்து வந்து கரை ஒதுங்கியதாம். மீன் பிடிக்கப் போன மலாய்க்காரர் தோளில் சுமந்து வந்து தோட்டத்துத் தமிழரிடம் கொடுத்தாராம். சிறிது தூரம் போனபின் அதே சுரூபத்தைப் பழைய துரை கப்பலில் தருவித்ததாகச் சொன்னாள். எது சரி என்று கேட்டேன். "ரெண்டும் கடல் வழிதானே ஐயா."

இந்தப் பேச்சிலேயேதான் நடந்தது. ஞானத்தின் தலையிலிருந்து முக்காடு நழுவியது. மதலேனம்மாள் கொண்டையைக் கையால் நிறுத்துப் பார்த்துச் சொன்னாள்:

"இம்மாம் முடியா! நாவிதன்கிட்ட கத்தியை நல்லா தீட்டி வெக்கச் சொல்லணும்க்கா."

"நாவிதனா? யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஐயா நேர்ந்துக்கிட்டாராமே."

மாட்டின் மணி கேட்டுக்கொண்டிருந்தது. ஞானம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தென்னை மரங்களைப் பார்த்தேன்.

"அப்படியா" என்றாள்.

அதன்பின் கோயில் வரை ஞானத்தின் பேச்சு மதலேனம்மாளிடம் மட்டும்: தேங்காய் விலை, கொப்பரை உலர்த்துவது, தங்கை மகளின் பிரசவம்.

இரண்டாவது எண் இப்படி முடிந்தது. நானே சொல்லவுமில்லை, சொல்லாமல் இருக்கவுமில்லை.

கோயில் சிறியது. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் சதுப்பு. யாத்திரைக்காரர்களுக்கு அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகை, தட்டி மறைப்புகளோடு. பாயை விரிக்கும்போது ஞானம் சொன்னாள்:

"என் முடியை நேர்ந்தீங்க. சரி. உங்களோடது ஒண்ணுமே ஆப்படலியா?"

கை தானாக என் வழுக்கையைத் தடவியது.

"எனக்கேது முடி?"

"மீசை இருக்கே."

கோபமா, பரிகாசமா, தெரியவில்லை. முதுகைக் காட்டிப் படுத்துவிட்டாள்.

வெள்ளி, 7.

கடற்காற்று. கொட்டகையில் கருவாட்டு வாசனை. ஞானம் என்னிடம் பெயருக்குப் பேசுகிறாள்: கஞ்சி இருக்கு, துண்டு அங்கே, செருப்பை மழையில் விடாதீங்க.

கிணற்றடியில் மதலேனம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வாயை விட்டுட்டேன்னு கோவமா?"

இல்லை என்றேன். இருந்தது.

"இதுக்கு ஏன் மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்கீங்க? பூமுடி குடுத்தா போதும். நுனியில மூணு கத்தரி. புருஷன் இருக்கிற பொம்பளைங்க அப்படித்தான் குடுக்குறாங்க. மாதா என்ன, அளவுகோல் வெச்சுக்கிட்டா நிக்கிறாங்க?"

கேட்க ஆறுதல். ஆனால் நான் நேர்ந்தது முழுவதையும். நுனியைக் கொடுத்துவிட்டு முழுவதும் கொடுத்ததாக எப்படிச் சொல்வது? பாதி பிழைத்தால் போதும் என்றா மாதா செய்தாள்? மறுபுறம், புருஷன் உயிரோடிருக்கையில் மொட்டைத் தலையோடு அவள் தெருவில் நடக்க வேண்டும். பார்ப்பவர்கள் நான் செத்துவிட்டதாக நினைப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. அவள் கண்ணாடியைப் பார்ப்பாளே.

பிற்பகல் பாவசங்கீர்த்தன வரிசை. சாமியார் பிரஞ்சுக்காரர், நல்ல வயது. நம் தாய்நாட்டுப் பக்கம் பல காலம் இருந்தவராம். அவர் பேசும் தமிழ், புத்தகத்திலிருந்து எடுத்தது போல வருகிறது. என் முறை வரும்போதெல்லாம் பின்னால் நின்றவர்களை முன்னே விட்டேன். மதலேனம்மாள் தூணோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி எல்லாருக்கும் வழி விட்டீங்கன்னா, மோட்சத்துலயும் வாசல்லதான் நிப்பீங்க, கிராணி ஐயா."

வரிசை சிரித்தது. போனேன்.

பாவங்களைச் சொல்லி முடித்து நேர்த்தியைச் சொன்னேன். சாமியார் கேட்டார்:

"அந்தக் கூந்தல் யாருடையது?"

"என் மனைவியுடையது, சுவாமி."

"அவளைக் கேட்டீரா?"

"அவளுக்கு நினைவில்லை அப்போது."

"பிள்ளாய், அயலான் மாட்டைக் காணிக்கை நேர முடியுமா? உம்முடையதைத்தான் நீர் கொடுக்கலாம். நேர்ந்தவனையே வார்த்தைப்பாடு கட்டும். உம் மனைவியை ஒன்றும் கட்டாது. அவள் நிம்மதியாக வீடு திரும்பட்டும். உமக்கென்று உள்ளதில் ஏதேனும் கொடும்."

வெளியே வந்தபோது கால்கள் லேசாக இருந்தன. இத்தனை மாதம் தலைமேல் இருந்த கல். உடனே சந்தேகம்: நான் கேட்க விரும்பிய பதிலைப் பெறும்படியாகவே கேட்டேனோ? மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்தேன். இல்லை. உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருக்கிறேன்.

ஞானத்திடம் இம்முறை நானே போய்ச் சொன்னேன். நீ கட்டுப்பட்டவள் இல்லை, சாமியார் சொல்லிவிட்டார் என்று. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?"

ஆனால் என் பக்கம் பாயைத் தள்ளினாள், உட்கார.

சனி, 8. மாதா பிறந்த நாள்.

மேகமூட்டம், மழையில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்கும் நாள், ஆகவே காப்பி இல்லை, தண்ணீரும் இல்லை. நம் சபையார் வந்து சேர்ந்துவிட்டார்கள். கொட்டகை நிறைந்துவிட்டது.

பூசை. பாடல் சுதி விலகினாலும் சத்தம் குறையவில்லை. ஞானம் தனியாக நடந்துபோய் நன்மை வாங்கித் தனியாகத் திரும்பினாள். யார் தோளையும் பிடிக்கவில்லை. போன தவக்காலத்தில் இவள் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டது நான்.

பூசைக்குப் பின் நாவிதன் பந்தல். என்னிடம் உள்ளது மீசைதான் என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருப்பது. துரைமார்கூட அதைப் பார்த்துத்தான் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள் என்று ஓர் எண்ணம். வேறெதிலும் என்னிடம் மிடுக்குக் கிடையாது.

நாவிதன் முகவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மீசை மட்டுமாங்க? எழுபது வயசுல எதுக்குங்க?" அறுபத்தெட்டு என்றேன். மதலேனம்மாள், "பேசாம எடு. ஐயா நேர்ந்துக்கிட்டது" என்றாள். எடுத்தான். மேலுதட்டில் காற்றுப் பட்டது.

ஞானம் எதிரே வந்து நின்றாள். பார்த்தாள். முந்தானையால் வாயை மூடினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலுக்குப் பின் அவள் இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை.

"மதலேன், பாரேன் இவரை. பரீட்சையில தோத்த பையன் மாதிரி."

"அழகாத்தான் இருக்காருக்கா. இப்போதான் வாயே தெரியுது."

சிரிப்பு அடங்கியதும் ஞானம் நாவிதனிடம், "எழுந்திரிச்சிடாதப்பா. நானும் உக்கார்றேன்" என்றாள். கொண்டையை அவிழ்த்துக்கொண்டே.

"சாமியார்தான் வேண்டாமென்று சொன்னாரே."

"அவர் வேண்டாம்னாரு. நான் வேணும்ங்கிறேன்."

"பூமுடி போதும்க்கா" என்றாள் மதலேனம்மாள். "மூணு கத்தரி."

"முழுசா."

"ஞானம், எனக்காகச் செய்யாதே."

இதற்கு அவள் சொன்னதை மறக்குமுன் எழுதுகிறேன். சத்தமாகச் சொல்லவில்லை. நம் சபையார் சுற்றி நின்றதால் குனிந்து என் காதருகே.

"உங்களுக்காகத்தான் இத்தனை வருஷம் வெச்சிருந்தேன். எண்ணெய், சிக்கு, ஈரம், தலைவலி. எனக்கு எதுக்கு இது? காய்ச்சல்ல டிரெஸ்ஸர் வெட்டணும்னப்போ நீங்கதானே அவர் கையைப் பிடிச்சீங்க. வேண்டாம் வேண்டாம்னு. எனக்குக் கண்ணுதான் தெறக்கல. காது கேட்டுச்சு."

அது உண்மை. சூடு இறங்க முடியை வெட்ட வேண்டும் என்று டிரெஸ்ஸர் கத்தரியோடு வந்தார். நான் விடவில்லை. நேர்ந்துகொண்டது அதற்கு இரண்டு நாள் பின்.

உட்கார்ந்துவிட்டாள். நான் கோயிலுக்குள் போய்விட்டேன். பார்க்க முடியவில்லை. ஜெபமாலை கையில், எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் போயிற்று. அழுதது யார் என்று பார்த்தால், நான்.

வெளியே வந்தபோது சந்தனம் பூசிய தலையோடு மதலேனம்மாளின் குடையின் கீழ் நின்றாள். காது இரண்டும் பெரியதாகத் தெரிந்தன. நெற்றிக்கு மேல் வலப்பக்கம் ஒரு சிறு தழும்பு. இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாதது.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"தலையே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். "தொட்டுப் பாருங்க." எல்லோர் முன்னிலையிலும். தொட்டேன்.

திங்கள், 10. பிரிக்பீல்ட்ஸ்.

நல்ல மழை, கூரை ஒழுகவில்லை. நேற்று மாலை வந்து சேர்ந்தோம். ரயில் பெட்டியில் உட்கார்ந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டம்மா காலையில் வந்து என் மகனிடம் தணிந்த குரலில், "அப்பா..." என்று இழுத்திருக்கிறாள். உள்ளேயிருந்து ஞானம்: "இருக்காரு, இருக்காரு. மீசைதான் போச்சு."

தலைவலி இல்லாமல் தூங்கியதாகச் சொல்கிறாள். நானும் நன்றாகத் தூங்கினேன். மதலேனம்மாளுக்கு ஒரு சேலை அனுப்ப வேண்டும். சுரூபத்தின் கதை எப்படியிருந்தாலும்.

சாமியார் சொன்னது இன்னும் ஓடுகிறது. உம்முடையதைத்தான் நீர் கொடுக்கலாம். அந்தக் கூந்தல் யாருடையது என்று அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரிதானா?

அவளுடைய மரச்சீப்பு கண்ணாடிக்குப் பக்கத்தில் அப்படியே. எடுத்து உள்ளே வைக்கவா என்று காலையில் கேட்டேன். "எனக்கொண்ணுமில்ல. உங்களுக்கு எப்போ தோணுதோ எடுங்க" என்றாள். இரண்டு தடவை கையில் எடுத்து, இரண்டு தடவையும் அங்கேயே வைத்துவிட்டேன்.

செவ்வாயன்று எழுதியதில் மூன்றாவது தவறு. கூந்தல் மிகப் பிரியமாக இருந்தது அவளுக்கு அல்ல.